மனநலமும் நமது சங்கத் தொண்டும்

(சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இவ்வாண்டின் அறிக்கையைக் காரியதரிசி அவர்கள் வாசித்தபோது நாம் அனைவரும் கேட்டு மகிழ்ந்தோம். மாணவர் விடுதியில் இடம்பெற்ற பிள்ளைகளின் தொகையும், கல்வி நிதியிலிருந்து வழங்கிய பொருளும், கணவனை இழந்த பெண்மணிகளுக்கு அளித்த மாதச் சகாயமும், வரன் பதிவேட்டின் வாயிலாக நடந்தேறிய திருமணங்களும் அதில் முறையாகக் குறிக்கப்பட்டிருந்தன. வீடுதோறும் பிடியரிசி திரட்டி இச்சங்கத்தை நிறுவிய நம் முன்னோர் இவற்றைக் கேட்டிருப்பின் உள்ளங் குளிர்ந்திருப்பர் என்பதில் ஐயமில்லை. ஆயினும், அவ்வறிக்கையில் இடம்பெறாத ஒரு செய்தி உண்டு. எந்த ஆண்டின் அறிக்கையிலும் அஃது இடம்பெற்றதில்லை. அதனைப் பற்றிச் சில வார்த்தைகள் கூறவே இன்று உங்கள் முன் நிற்கின்றோம்.

சில ஆண்டுகளுக்கு முன் நமது விடுதியில் தங்கிப் பொறியியல் பயின்ற வாலிபன் ஒருவன் இருந்தான். தந்தையை இழந்தவன், தாயார் தையல் வேலை செய்து அவனைப் படிக்க வைத்தார். முதலாண்டில் நன்றாகத் தேறிய அப்பிள்ளை, இரண்டாம் ஆண்டில் கல்லூரிக்குச் செல்வதைக் குறைத்தான். எல்லோரும் உண்டெழுந்த பின்னரே உணவுக் கூடத்திற்கு வருவான். பின்னர் அதுவும் நின்றது. இரவெல்லாம் விளக்கை அணையாது விழித்திருந்தான். அடுத்த அறைப் பிள்ளைகள் தன்னைப் பற்றியே சதி பேசுகிறார்கள் என்று சண்டையிட்டான். விடுதிக் காப்பாளர் இதனைச் சோம்பல் என்றும் ஒழுக்கக் குறைவு என்றும் எழுதி அனுப்பினார். வருகை குறைந்தமையால் உதவித்தொகையை நிறுத்தி வைப்பதென்று குழு தீர்மானித்தது. அத்தீர்மானத்தில் கையொப்பமிட்டவர்களுள் நாமும் ஒருவர்.

பிள்ளை ஊருக்குத் திரும்பினான். தாயார் அவனை அழைத்துக்கொண்டு கோயில் கோயிலாகச் சென்றார், குறி கேட்டார், கழிப்புக் கழித்தார், கையிலிருந்த சிறு நகையையும் விற்றார். இவ்வாறு இரண்டு ஆண்டுகள் சென்றன. முடிவில், வீட்டுக்கு வந்த கிராம சுகாதார செவிலியர் ஒருவர் அவனது நிலையைக் கண்டு, தாமே உடன்சென்று அரசு மருத்துவமனையில் காட்டினார். மனச்சிதைவு நோய் என்று மருத்துவர் கூறினார். மருந்துண்ட சில மாதங்களில் தூக்கம் வந்தது, அச்சம் தணிந்தது, தாயோடு முகம் பார்த்துப் பேசலானான். இன்று ஒரு கடையில் கணக்கெழுதி வருகின்றான். படிப்பு மட்டும் திரும்பவில்லை. இந்நோய்க்குச் சிகிச்சை தொடங்கத் தாமதமாகுந்தோறும் மீட்சி கடினமாகின்றது என்பது மருத்துவர் கண்ட உண்மை. அந்த இரண்டாண்டுகளைத் திருப்பிக் கொடுக்க நமது எந்த நிதியிலும் பொருளில்லை.

அப்பிள்ளையின் சம்மதமும் அவன் தாயாரின் சம்மதமும் பெற்று, பெயரையும் ஊரையும் நீக்கியே இதனைக் கூறினோம். எவரையும் குறை கூறுவது நம் நோக்கமன்று. காப்பாளர் நல்லவர், குழுவினரும் விதிப்படியே நடந்தனர். ஆயினும் எண்ணிப் பாருங்கள். சமையற்காரர் அவன் உண்ணாமையைக் கண்டார். காப்பாளர் அவன் உறங்காமையைக் கண்டார். குமாஸ்தா அவன் வருகைக் குறைவைக் கண்டார். குழுவோ இவை யாவற்றையும் காகிதத்திற் கண்டது. நோய் நம் சங்கத்தின் வாயிற்படிகளையெல்லாம் ஏறி இறங்கிற்று. அதனை நோயென்று அறிந்தவர் நம்முள் ஒருவரும் இல்லை. சோறும் பாயும் பொருளும் கொடுக்கக் கற்ற நாம், மனம் நோயுற்றவனை அறிந்து உடன் நிற்கக் கற்கவில்லை. இதுவே இன்று நாம் கூற விரும்பும் பொருள்.

இஃது எங்கோ ஒரு வீட்டில் நேரும் அபூர்வமான துன்பம் என்று சிலர் கருதலாம். பெங்களூரிலுள்ள நிம்ஹான்ஸ் என்னும் தேசிய மனநல நிலையத்தார் 2015-16ஆம் ஆண்டுகளில் தமிழ்நாடு உட்படப் பன்னிரண்டு மாநிலங்களில் வீடு வீடாகச் சென்று கணக்கெடுத்தனர். வயது வந்தோருள் நூற்றுக்குப் பத்துப் பேருக்குச் சற்று மேற்பட்டோர் ஏதேனும் ஒருவகை மனநோயால் அப்போது துன்புற்றிருந்தனர் என்று அக்கணக்கு கூறிற்று. மனச்சோர்வு, மனப்பதற்றம், குடிநோய் ஆகியன இவற்றுள் மிகுதி. மனச்சிதைவு போன்ற கடுநோய்கள் குறைவு. துன்புற்றோருள் பெரும்பாலோர் சிகிச்சை பெறவில்லை என்பதும் அக்கணக்கிலேயே வெளியாயிற்று. இம்மண்டபத்தில் இன்று முந்நூறு பேர் கூடியிருப்பின், அக்கணக்கின்படி முப்பது பேராவது இத்துன்பத்தை உடன் கொண்டு வந்திருத்தல் கூடும். அவர்கள் யாரென்று நமக்குத் தெரியாது. நமக்குத் தெரிந்துவிடக் கூடாதென்பதே அவர்களது பெரும் அச்சமாகவும் இருக்கும்.

மருத்துவ வசதி இல்லாமையாலா மக்கள் இவ்வாறு வாடுகின்றனர்? முற்காலத்தில் அவ்வாறு கூற இடமிருந்தது. சென்னையில் 1794ஆம் ஆண்டிலேயே மனநோயாளருக்கென ஒரு விடுதி தோன்றிற்று. 1871ஆம் ஆண்டில் கீழ்ப்பாக்கத்தில் பெரிய மருத்துவமனை அமைந்தது. நெடுங்காலம் பலருக்கும் அதுவே கதியாக இருந்தது. அங்கே சென்றவர் திரும்பார் என்ற பேச்சும் ஊர்களில் வேரூன்றியது. பின்னர்க் காலம் மாறிற்று. 1982ஆம் ஆண்டில் தேசிய மனநலத் திட்டம் பிறந்தது. 1996ஆம் ஆண்டில் மாவட்ட மனநலத் திட்டம் தொடங்கியபோது, நாடு முழுவதிலும் முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட நான்கு மாவட்டங்களுள் நமது திருச்சிராப்பள்ளியும் ஒன்று. இன்று அரசு மருத்துவமனைகளில் மனநல மருத்துவம் இலவசமாகவே கிடைக்கின்றது.

பொதுத்தொண்டரும் சும்மா இருந்துவிடவில்லை. கீழ்ப்பாக்கம் மருத்துவமனையின் தலைமையில் பல்லாண்டுகள் பணியாற்றிய மருத்துவர் சாரதா மேனன் அம்மையார் 1984ஆம் ஆண்டில் மனச்சிதைவு நோயாளருக்கென ‘ஸ்கார்ஃப்’ என்னும் ஆராய்ச்சி நிறுவனத்தைச் சென்னையில் அமைத்தார். தற்கொலை எண்ணத்தால் தவிப்போரின் சொல்லைப் பொறுமையுடன் கேட்பதற்கென்றே 1986ஆம் ஆண்டில் ‘சிநேகா’ தோன்றிற்று. வீடின்றித் தெருவில் அலையும் மனநோயுற்ற பெண்களுக்குப் புகலிடமாக 1993ஆம் ஆண்டில் இளம்பெண்கள் இருவர் ‘பானியன்’ என்னும் நிறுவனத்தைத் தொடங்கினர். ஆகவே மருத்துவரும் உளர்; மருந்தும் உளது; இடமும் உளது. இவற்றிற்கும் நோயுற்ற குடும்பத்திற்கும் இடையே ஒரு பாலந்தான் இல்லை.

வள்ளுவர் மருந்தென்னும் அதிகாரத்தில் மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்தார். நோயுற்றவன், தீர்க்கும் மருத்துவன், மருந்து, அருகிருந்து உதவுபவன் என்பன அவை. நாலாவதாக நிற்பவனையும் மருத்துவத்தின் ஒரு கூறாகவே அப்பெரியார் வைத்தமை எவ்வளவு ஆழ்ந்த அறிவு! காய்ச்சலுற்றவன் தானே மருத்துவரைத் தேடிச் செல்வான். மனம் நோயுற்றவனோ தனக்கு நோய் உண்டென்பதையே பலகால் அறியான். அறிந்தவனும் எழுந்து செல்லும் ஊக்கமின்றிக் கிடப்பான். ஆதலின் இந்நோயில் நாலாவது கூறே முதலாவதாக வேண்டப்படுகின்றது. அந்த நாலாமவர் இல்லாதபோது என்ன நேரும் என்பதை ஏர்வாடி நமக்குக் காட்டிற்று.

2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் விடியற்காலையில், இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், மனநோயாளரை வைத்திருந்த தனியார் கொட்டகை ஒன்று தீப்பற்றியது. அங்கிருந்தோர் சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்தமையால் ஓட இயலவில்லை. இருபத்தெட்டு உயிர்கள் மடிந்தன. உச்ச நீதிமன்றம் அச்செய்தியைத் தானாகவே விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. அவர்களைக் கொண்டுவந்து விட்டவர் பகைவரல்லர், பெற்றோரும் உடன்பிறந்தோருமே. அவர்கள் அன்பில்லாதவர் என்று நாம் கூறத் துணியோம். இரவும் பகலும் காத்துக் களைத்து, கடன்பட்டு, அயலார் ஏளனத்திற்கு அஞ்சி, வேறு வழி சொல்வார் எவருமின்றி அங்கே கொண்டுவிட்டோர் அவர்களுள் பலராக இருந்திருப்பர். அவரவர் ஊரிலும் சங்கங்கள் இருந்திருக்கும். அவற்றிலும் ஆண்டறிக்கைகள் வாசிக்கப்பட்டிருக்கும். 2018ஆம் ஆண்டு மே மாதம் நடைமுறைக்கு வந்த 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயாளரை எவ்வகையிலும் சங்கிலியிடலாகாதென விலக்கியுள்ளது. சட்டம் இரும்புச் சங்கிலியை அறுத்தது. தனிமையென்னும் சங்கிலியை அறுக்க வேண்டுபவர் நாமே.

நாம் மருத்துவரல்லவே, கற்றறிந்த மருத்துவர் செய்யவேண்டியதைச் சங்கத் தொண்டர் எங்ஙனம் செய்வர் என்று கேட்கலாம். இக்கேள்விக்கு விடை ஏற்கெனவே கிடைத்துள்ளது. நம் காஞ்சிபுரம் மாவட்டத்திலும், கோவாவிலும், மகாராஷ்டிரத்துச் சாத்தாராவிலும் மனச்சிதைவு நோயுற்ற 282 பேரை வைத்து ஒரு சோதனை நடத்தினர். அதன் முடிவு 2014ஆம் ஆண்டில் வெளியாயிற்று. ஒரு சாரார் வழக்கம்போல் மருத்துவமனைச் சிகிச்சை மட்டும் பெற்றனர். மற்றொரு சாராருக்கு அதனோடு, பயிற்சி பெற்ற உள்ளூர்த் தொண்டர்கள் வீடு சென்று மருந்தையும் அன்றாட வாழ்வையும் விசாரித்துத் துணை நின்றனர். பின்னவரிடத்து நோய்க்குறிகளும் இயலாமையும் குறைந்து காணப்பட்டன. பேரளவான வேறுபாடன்று, உண்மையான வேறுபாடு. நம் தமிழ்நாட்டுக் கிராமங்களில் அது தெளிவாகவே தென்பட்டது.

கடுநோயின் செய்தி அது. மனச்சோர்வு போன்ற பொதுநோய்களுக்கு ஆப்பிரிக்கக் கண்டத்து ஜிம்பாப்வே நாடு ஒரு வழி காட்டியிருக்கின்றது. அந்நாட்டில் மனநல மருத்துவர் விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே. டிக்சன் சிபாண்டா என்னும் மருத்துவர் 2006ஆம் ஆண்டில், தலைநகராகிய ஹராரேயின் ஏழைப் பேட்டை ஒன்றில் பதினான்கு பாட்டிமாரைத் திரட்டிப் பயிற்சியளித்தார். மருத்துவ நிலையத்தின் வெளியே மரநிழலில் ஒரு மரப்பலகை இருக்கை. அதில் ஒரு பாட்டி. அருகில் துன்புற்றவர் ஒருவர். பாட்டி உபதேசம் செய்வதில்லை, கேட்கின்றார். துன்பங்களுள் ஒன்றைத் தேர்ந்து, அதற்கு அடுத்து செய்யத்தக்கது யாதென்று அவரையே சிந்திக்கச் செய்கின்றார். அம்மக்கள் அந்நோயைத் தம் மொழியில் ‘மிகையாக எண்ணுதல்’ என்னும் பொருள்படும் சொல்லால் வழங்குகின்றனர்; பாட்டிமாரும் அதே சொல்லைக் கொண்டே பேசினர். 24 நிலையங்களில் 573 பேரிடம் நடத்திய ஆராய்ச்சி 2016ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஆறு மாதத்திற்குப்பின் மனச்சோர்வுக் குறிகள் எஞ்சியிருந்தவர், வழக்கமான கவனிப்புப் பெற்றோருள் நூற்றுக்கு ஐம்பதின்மர்; பாட்டிமாரிடம் பேசியவருள் பதினான்கு பேரே. நம் ஊர்களில் திண்ணைகளுக்கும் பாட்டிமாருக்கும் பஞ்சமில்லை. பயிற்சி ஒன்றே குறை.

இதுவரை கூறியவற்றில் உங்களுக்கு மாறுபாடிராது. இனிக் கூறப்போவது சற்றுக் கசக்கும். மனநோயுற்ற குடும்பம் ஒன்று யாருக்கு அஞ்சி வாய்மூடிக் கிடக்கின்றது? அயல் நாட்டாருக்கு அஞ்சியா? அன்று. நமக்கு அஞ்சியே. ‘நம்மவர் அறிந்தால் பெண்ணுக்கு வரன் வராது’ என்ற ஒரு சொல், மருத்துவமனைக்குச் செல்லும் வழியைக் கோட்டைச் சுவர்போல் மறித்து நிற்கின்றது. பக்கத்து ஊர் மருத்துவமனையில் உறவினர் எவரேனும் கண்டுவிடுவரென்று, பொருளில்லாத குடும்பங்கள் கூடத் தொலைதூரப் பட்டினங்களுக்குச் செல்கின்றன. பேருந்துக்குப் பணமில்லாத மாதத்தில் மருந்து நின்றுவிடுகின்றது. நமது வரன் பதிவேட்டின் படிவத்தைப் பாருங்கள். குடும்பத்தில் எவருக்கேனும் சித்தப்பிரமை உண்டா என்று ஒரு வினா அதில் பல ஆண்டுகளாக அச்சாகி வருகின்றது. அவ்வினாவுக்கு ‘உண்டு’ என்று விடையெழுதிய படிவம் ஒன்றையாவது நாம் கண்டதில்லை. உண்மையை அறிய உதவாத அவ்வினா, பொய்யையும் அச்சத்தையும் வளர்க்க மாத்திரமே உதவியது.

பரம்பரை என்ற அச்சத்தையும் அளவோடு நோக்கவேண்டும். மனச்சிதைவு நோய் பொதுமக்களுள் ஏறக்குறைய நூற்றில் ஒருவருக்கு வருகின்றது. பெற்றோருள் ஒருவருக்கு அந்நோய் இருப்பின், பிள்ளைக்கு வரும் வாய்ப்பு ஏறக்குறைய பத்தில் ஒன்று. அஃதாவது பத்துப் பிள்ளைகளுள் ஒன்பதின்மருக்கு வருவதில்லை. ஒரு சித்தப்பாவுக்கு நோய் இருந்ததென்று ஒரு குடும்பம் முழுவதையும் விலக்குவது அறிவுமன்று, அறமுமன்று. மணத்திற்கு முன் மறைப்பதும் அறமன்று. மறைத்துச் செய்த திருமணம் பின்னர் வழக்காகி இரு குடும்பத்தையும் வாட்டுகின்றது. சட்டமும் பெயரைக் கேட்டு மிரளவில்லை. மனச்சிதைவு என்ற பெயர் மட்டுமே மணமுறிவுக்குப் போதிய காரணமாகாது, நோயின் தன்மையையும் அளவையும் நோக்கவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1988ஆம் ஆண்டிலேயே தீர்ப்பளித்தது. நீதிமன்றம் நோக்கும் நிதானம் நமக்கும் வேண்டாவா?

ஆகவே பொதுக்குழுவின் ஆலோசனைக்குச் சில காரியங்களை முன்வைக்கின்றோம். இவற்றிற்குப் புதிய கட்டடம் வேண்டுவதில்லை. புதிய நிதியும் பெரிதாக வேண்டுவதில்லை.

முதலாவது, பயிற்சி. விடுதிக் காப்பாளர், குமாஸ்தா, வரன் பதிவாளர், கிளைச் சங்கங்களின் தொண்டர் ஆகியோருக்கு மாவட்ட மனநல மருத்துவரைக் கொண்டு பயிற்சியளிக்க வேண்டும். கற்கவேண்டியவை நான்கே: காணுதல், கேட்டல், கொண்டு சேர்த்தல், தொடர்ந்து விசாரித்தல். தூக்கமும் உணவும் குன்றுதல், பேச்சை விட்டு ஒதுங்குதல், காரணமின்றி ஐயுறுதல், நம்பிக்கையிழந்த சொற்கள் ஆகியன காணவேண்டிய குறிகள். ஒருவரிடத்துத் தற்கொலை எண்ணம் இருக்குமோ என்று தோன்றினால் அன்போடு நேரே கேட்டுவிட வேண்டும். கேட்பதனால் அவ்வெண்ணம் உண்டாகிவிடும் என்பது தவறான அச்சம். மனம் திறந்து கூற அதுவே வழியாகின்றது. அத்தகையவரைத் தனித்திருக்க விடாது உடனே மருத்துவரிடம் சேர்க்கவேண்டும். 2022ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் தொடங்கிய ‘டெலி மனஸ்’ என்னும் அரசுத் தொலைபேசிச் சேவைக்கு 14416 என்பது எண். தமிழிலேயே எந்நேரமும் பேசலாம். இவ்வெண்ணை விடுதியின் ஒவ்வொரு தளத்திலும், நம் இதழின் பின்னட்டையிலும் அச்சிட வேண்டும்.

இரண்டாவது, நமது விதிகளில் ஒரு திருத்தம். உதவித்தொகையை நிறுத்துமுன்பும், விடுதியினின்று நீக்குமுன்பும், அப்பிள்ளையைத் தனியே அழைத்து ஒருவர் ஒருமணி நேரமேனும் பேசியிருக்க வேண்டும் என்று விதி செய்வோமாக. நோயென்று தெரிந்தால் இடத்தைக் காத்து வைப்போமாக. இவ்விதி முன்பே இருந்திருப்பின், முதலில் நாம் கூறிய அப்பிள்ளையை மருத்துவரிடம் கொண்டு சேர்த்தவர் செவிலியராக அன்றிச் சங்கத்தாராக இருந்திருக்கக் கூடும். அதுவும் இரண்டு ஆண்டுகளுக்கு முன்னரே.

மூன்றாவது, சகாய நிதியில் ஒரு சிறு பகுதி. அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம். பேருந்துக் கட்டணமும், அன்றைய கூலியும் இலவசமல்ல. மாதம் ஒருமுறை மருந்து வாங்கச் செல்லும் ஏழைக் குடும்பத்திற்கு அச்செலவை அளித்தாலே பலருக்கு மருந்து தடைப்படாது. உடன்செல்ல ஒரு தொண்டரும் கிடைப்பாராயின் அதனினும் நன்று. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மனநோயையும் தன்னுள் அடக்கியுள்ளது. இயலாமை நூற்றுக்கு நாற்பதும் அதற்கு மேலும் என்று சான்று பெற்றோருக்கு அரசின் உதவிகள் சில உண்டு. படிவம் நிரப்பவும் அலுவலகம் ஏறி இறங்கவும் தெரியாத குடும்பங்களுக்கு நம் குமாஸ்தா வழிகாட்டலாம்.

நாலாவது, இரகசியம். இதனைக் காவாவிடின் மற்றவை யாவும் வீணே. நம்மிடம் வருவோரின் பெயரை அறிந்தவர் இருவருக்கு மேல் இருத்தலாகாது, கூட்டக் குறிப்பிலோ கணக்கேட்டிலோ பெயர் எழுதலாகாது, இலக்கமே போதும். வரன் பதிவேட்டைக் கையாள்வோர் இப்பணியில் அறிந்ததை அப்பணியிற் கொண்டுசெல்லலாகாது. தம் ஊர்த் தொண்டரிடம் பேச அஞ்சுவோர் வேறு கிளையின் தொண்டரிடம் பேச ஏற்பாடு வேண்டும். படிவத்திலுள்ள அந்தப் பழைய வினாவையும் நீக்கிவிடுவோமாக. அதற்கு ஈடாக, நிச்சயதார்த்தத்திற்கு முன் மணமக்கள் இருவரும் தம் உடல்நலம், மனநலம் பற்றித் தாமே ஒருவருக்கொருவர் உண்மை பேசவேண்டும். வேண்டுமாயின் மருத்துவர் ஆலோசனையும் பெறவேண்டும் என்று அறிவுரை அச்சிடுவோமாக.

ஐந்தாவது, பராமரிப்போருக்கு ஒரு கூட்டம். நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் தாயும் மனைவியும் தம் துயரை எங்கே இறக்கி வைப்பர்? மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் நம் மண்டபத்தின் பின்கட்டில் அவர்கள் தம்முட் கூடிப் பேசட்டும். 1950க்குப் பிந்திய ஆண்டுகளில் அமிர்தசரஸ் மனநோய் மருத்துவமனையில் மருத்துவர் வித்யாசாகர் குடும்பத்தாரைக் கூடாரங்களில் நோயாளியுடன் தங்கச் செய்தார். வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலும் அவ்வழக்கம் தொடங்கிற்று. குடும்பம் கற்றுக்கொண்டால் நோயாளி வீட்டில் நிலைப்பான் என்பதை அவை உணர்த்தின.

நம் எல்லையையும் நாம் அறிந்திருக்க வேண்டும். தொண்டர் நோய்க்குப் பெயரிடலாகாது; மருந்தைக் கூட்டவோ நிறுத்தவோ சொல்லலாகாது; எவரையும் வற்புறுத்திக் கொண்டுபோய் அடைக்கத் துணைபோகலாகாது. வேலையின்மையாலும் கடனாலும் கணவனின் அடியாலும் வருந்துபவரிடம் ‘மனத்தை அடக்கு’ என்று உபதேசிப்பதும் தொண்டாகாது. அத்துன்பத்தின் காரணத்தைத் தீர்க்கவும் நம்மாலியன்றதைச் செய்யவேண்டும். அதற்கு ஒரு தனி மருத்துவமனையைவிடச் சங்கமே தகுதியுடையது. ஏனெனில் வேலை தேடித் தருவதும், கடனுக்கு வழி செய்வதும், குடும்பச் சண்டையில் இரு தரப்பையும் அழைத்துப் பேசுவதும் நாம் நெடுநாளாகச் செய்துவரும் காரியங்களே.

தெய்வ வழிபாட்டை விட்டுவிடச் சொல்கிறீர்களா என்று பெரியோர் சிலர் வினவக்கூடும். இல்லை. குணசீலத்திற்கும் சோளிங்கருக்கும் செல்வோர் செல்லட்டும். அங்கே கிடைக்கும் ஆறுதலை நாம் மறுக்கவில்லை. திருநீறோ துளசித் தீர்த்தமோ பெற்றுவந்த பின், மருந்தையும் உண்ணுங்கள் என்றே வேண்டுகின்றோம். ஆண்டவன் படைத்த அறிவினாலன்றோ மனிதன் மருந்தைக் கண்டான்?

இன்னும் ஒரு வார்த்தை. நமது நிதிகள் நம் சமூகத்தார்க்கென அமைந்தவை. அவற்றின் சாசனத்தை நாம் மாற்றச் சொல்லவில்லை. இந்த ஒரு தொண்டில் மட்டும், வாயிலில் வந்து நிற்பவரைக் குலம் கேளாதிருப்போமாக. நோயும் குலம் கேட்டு வருவதில்லை. நம் பிள்ளையை மருத்துவரிடம் கொண்டு சேர்த்த அந்தச் செவிலியர் நம் குலத்தவரல்லர். அவன் யாருடைய பிள்ளையென்றும் அவர் கேட்கவில்லை.

சகோதர சகோதரிகளே! அவன் தாயாரைச் சென்ற மாதம் கண்டோம். அத்தீர்மானத்தில் கையொப்பமிட்டதற்காக வருந்துகிறோம் என்று கூறினோம். அவ்வம்மையார் கோபித்துக்கொள்ளவில்லை. ‘அப்போது யாராவது ஒருவர் வீட்டுக்கு வந்து விசாரித்திருந்தால் போதும் ஐயா’ என்றார். பொருள் கேட்கவில்லை, புகழ் கேட்கவில்லை, ஒருவர் வந்து விசாரித்திருக்கலாமென்றே கேட்டார். அடுத்த ஆண்டறிக்கையில், விடுதி, நிதி, வரன் பதிவு என்னும் தலைப்புகளுக்குக் கீழே ‘வீடு சென்று விசாரித்தவை’ என்று ஒரு வரி இடம்பெறட்டும். அவ்வரியில் பெயர்கள் வேண்டா. எண்ணிக்கை ஒன்றே போதும். அவ்வெண்ணிக்கையே இச்சங்கத்திற்கு நம் தலைமுறை சேர்த்த பிடியரிசியாகும்.

 எல்லாம் வல்ல இறைவன் நம் அனைவருக்கும் தெளிந்த மனமும், பிறர் துயர் கேட்கும் செவியும் அருள்வானாக.